கல்விக் கடன் வாங்கிப் பொறியியல் படிக்கலாமா? பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாவதற்கும் பொறியியல் கலந்தாய்வு முடிவதற்கும் இடைப்பட்ட சில மாதங்களில், தமிழ்நாட்டின் பல குடும்பங்கள் தங்கள் வாழ்நாளின் மிகப் பெரிய கடன் பத்திரத்தில் கையெழுத்திடுகின்றன. கையெழுத்திடும் பிள்ளைக்குப் பதினேழு, பதினெட்டு வயது. உடன் கையெழுத்திடும் தந்தைக்கோ தாய்க்கோ அந்தக் கடன் தீரும்போது ஓய்வு பெறும் வயது வந்துவிடும். இவ்வளவு பெரிய முடிவை எடுக்கும் வேளையில் கல்லூரியின் விளம்பரமும் உறவினரின் யோசனையும் கிடைக்கும் அளவுக்குக் கணக்கு கிடைப்பதில்லை என்பதால், தமிழ்நாட்டுத் தனியார் பொறியியல் கல்லூரிகளை முதன்மையாக வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மருத்துவத்தையும் வெளிநாட்டுப் படிப்பையும் பற்றிய கேள்விகளும் இடையில் வருகின்றன.

கடன் வாங்கிப் படிப்பது தகுமா, தகாதா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கலந்தாய்வில் கிடைத்த இடத்திற்காக வாங்கும் கடன் பெரும்பாலும் தகும். அதே கல்லூரியில், அதே பாடப்பிரிவில், கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்திற்காகப் பத்து லட்சத்திற்கு மேல் வாங்கும் கடன் பெரும்பாலும் தகாது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்ற கல்லூரியில் இருவரும் எழுதுவது ஒரே தேர்வு, வாங்குவது ஒரே பட்டம், வளாக நேர்காணலில் அமர்வதும் ஒரே நிறுவனத்தின் முன்னால். எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தாய் என்று சம்பளம் கொடுப்பவர் கேட்பதில்லை. கடன் மட்டும்தான் இருவருக்கும் வேறு.

கட்டணத்தில் உண்மையில் அவ்வளவு வேறுபாடு இருக்கிறதா?

சட்டப்படி இருக்க வேண்டிய வேறுபாடு குறைவு. நடைமுறையில் இருப்பது அதிகம். தனியார் கல்லூரிகளுக்கான கட்டண நிர்ணயக் குழு 2017 இல் நிர்ணயித்தபடி, கலந்தாய்வு வழியாகச் சேரும் மாணவரின் ஆண்டுக் கட்டணம் தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய், பெறாத பிரிவுக்கு 50,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டிற்கு முறையே 87,000 ரூபாயும் 85,000 ரூபாயும். சிறுபான்மையல்லாத தனியார் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 விழுக்காட்டையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் கலந்தாய்வுக்குத் தர வேண்டும்.

இந்தத் தொகைகளைப் படித்தவுடன், "எங்களிடம் கேட்பது இதைவிடப் பல மடங்காயிற்றே" என்று பல பெற்றோர் வியப்படைவார்கள். கணினி அறிவியல் போன்ற பிரிவுகளுக்கு "வளர்ச்சி நிதி" என்றும் "நன்கொடை" என்றும் ரொக்கமாகக் கேட்கப்படும் பணத்திற்கு ரசீது வருவதில்லை. நன்கொடைக் கட்டணம் வாங்குவதைத் தமிழ்நாடு அரசு 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே தடை செய்திருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் நிலை வேறு. அவை கலந்தாய்வுக்கும் மாநிலக் கட்டணக் குழுவுக்கும் வெளியே நிற்பவை. கணினி சார்ந்த பிரிவுகளுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை வெளிப்படையாகவே அறிவித்து வாங்குகின்றன.

ரசீதில்லாத பணத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரி தரும் கட்டண விவரச் சான்றில் உள்ள தொகைக்குத்தான் வங்கி கடன் தரும். மீதியைக் குடும்பம் நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ கட்டுகிறது. நூற்றுக்கு மூன்று வட்டிக்கு 2 லட்சம் வாங்கினால், அசலில் ஒரு ரூபாய் குறையாமல் மாதம் 6,000 ரூபாய் வட்டியாக மட்டும் போகும். ஆண்டுக் கணக்கில் அது 36 விழுக்காடு. வங்கிக் கடனைப் பற்றி யோசிக்கும் குடும்பங்கள் இந்தக் கடனைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முதலில் மென்னியைப் பிடிப்பது இதுதான்.

நான்கு லட்சம் கடனுக்கும் பன்னிரண்டு லட்சம் கடனுக்கும் மாதத் தவணை எவ்வளவு வரும்?

இரண்டையும் ஒரே அளவுகோலில் கணக்கிட்டுப் பார்க்கலாம். வட்டி 10 விழுக்காடு, படிப்பு நான்கு ஆண்டு, அதன்பின் ஓராண்டு தவணை விடுப்பு, அந்த ஐந்தாண்டுக்கும் தனிவட்டி என்று கொள்வோம்.

முதல் மாணவி கலந்தாய்வில் சேர்கிறாள். கல்விக் கட்டணம், பேருந்து அல்லது விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன் வாங்குகிறாள். முதலாண்டில் வாங்கிய லட்சத்திற்கு ஐந்து ஆண்டு வட்டி, இரண்டாம் லட்சத்திற்கு நான்கு ஆண்டு வட்டி என்று கூட்டினால், தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அது அசலோடு சேர்ந்து 5,40,000 ஆகும். பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,140 ரூபாய், பதினைந்து ஆண்டில் அடைக்க 5,800 ரூபாய்.

இரண்டாம் மாணவன் ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் 12 லட்சம் வாங்குகிறான். தவணை தொடங்கும்போது அவன் கடன் 16,20,000 ரூபாய். பத்தாண்டுக்கு மாதம் 21,400 ரூபாய். பதினைந்து ஆண்டுக்கு 17,400 ரூபாய். பதினைந்து ஆண்டு முடிவில் அவன் கட்டியிருக்கும் மொத்தத் தொகை 31 லட்சத்தைத் தாண்டும். இருபத்து மூன்று வயதில் கட்டத் தொடங்குபவன் முப்பத்தெட்டு வயதில்தான் முடிப்பான்.

படிக்கும் காலத்தில் வட்டி கட்ட வேண்டுமா?

கட்டாயமில்லை, முடிந்தால் கட்டுவது மிகுந்த நன்மை தரும். மேலே சொன்ன 12 லட்சம் கடனுக்கு முதலாண்டு மாதம் 2,500 ரூபாய், இரண்டாம் ஆண்டு 5,000, மூன்றாம் ஆண்டு 7,500, பிறகு 10,000 என்று வட்டியை மட்டும் கட்டி வந்தால், தவணை தொடங்கும்போது கடன் 12 லட்சமாகவே நிற்கும். பத்தாண்டுத் தவணை 21,400 இலிருந்து 15,860 ரூபாயாகக் குறையும். ஒழுங்காக வட்டி கட்டுவோருக்கு வட்டி விகிதத்தில் ஒரு விழுக்காடு வரை சலுகை தரும் வங்கிகளும் உண்டு. சேரும் முன்பே பெற்றோர் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதிலேயே இருக்கிறது: இந்த வட்டியையே நம்மால் கட்ட முடியாதென்றால், ஐந்தாண்டு கழித்து இதைப் போல இரு மடங்கு தவணையை யார் கட்டுவார்கள் என்று நம்புகிறோம்? பிள்ளைக்குக் கிடைக்கப்போகும் சம்பளத்தை நம்பித்தான் என்றால், அந்தச் சம்பளத்தை உற்றுப் பார்த்தாக வேண்டும்.

கல்லூரி முடித்தவுடன் உண்மையில் கையில் எவ்வளவு சம்பளம் வரும்?

பெரிய தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனங்கள் மொத்தமாக ஆளெடுக்கும்போது புதியவர்களுக்குத் தரும் ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக 3.25 லட்சத்திற்கும் 4 லட்சத்திற்கும் இடையிலேயே நிற்கிறது. இதே காலத்தில் கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் நிற்கவில்லை. நம் பெற்றோர் பலர் மனத்தில் வைத்திருக்கும் "ஐ.டி. வேலை" என்பது 2005 ஆம் ஆண்டின் ஐ.டி. வேலை, அன்று இந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் நிமிர முடிந்தது.

நியமனக் கடிதத்தில் 3.6 லட்சம் என்றிருந்தால் மாதம் 30,000 ரூபாய் என்று வகுத்துவிடுகிறோம். அந்தத் தொகைக்கு சி.டி.சி. என்று பெயர், நிறுவனம் அந்த ஊழியருக்காகச் செலவிடும் மொத்தம் அது. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, ஊழியரின் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, மருத்துவக் காப்பீடு, செயல்பாட்டைப் பொறுத்துத் தரப்படும் மாறும் ஊதியம் ஆகியவை கழிந்த பிறகு வங்கிக் கணக்கில் விழுவது 24,000 முதல் 26,000 வரை. சென்னையிலோ பெங்களூரிலோ அறையைப் பகிர்ந்துகொண்டு, இரு வேளை மெஸ்ஸில் சாப்பிட்டு, பேருந்திலும் மெட்ரோவிலும் போய்வர 12,000 ரூபாய்க்குக் குறைந்து ஆகாது. எஞ்சுவது 13,000. மேலே கண்ட இரண்டாம் மாணவனின் தவணை அதில் அடங்காது. முதல் மாணவியின் தவணை அடங்கும், வீட்டுக்கு அனுப்பவும் சிறிது மிஞ்சும்.

அப்படியானால் எவ்வளவு கடன் வரை வாங்கலாம்?

கையில் வரும் முதல் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்குள் தவணை அடங்க வேண்டும் என்பது என் கருத்து. கையில் 25,000 ரூபாய் வருமென்றால் தவணை 6,250 ரூபாய். பத்தாண்டில் அடைப்பதற்கு, வட்டி சேர்ந்து 4.7 லட்சம் வரை அது தாங்கும். அதாவது படிக்கும்போது வாங்கும் அசல் 3.5 லட்சம். பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் அசல் 4.3 லட்சம் வரை போகலாம்.

பிணையில்லாமல் 7.5 லட்சம் வரை வங்கி தருகிறதே, அந்த அளவுக்கு வாங்கலாம் அல்லவா என்று பலர் எண்ணுகிறார்கள். கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு தரும் கடன் உத்தரவாத நிதியின் பாதுகாப்பு அந்தத் தொகை வரை வங்கிக்கு உண்டு என்பதே 7.5 லட்சத்தின் பொருள். உங்கள் பிள்ளையால் எவ்வளவு தாங்க முடியும் என்று யாரும் கணக்கிட்டு வைத்த எல்லை அன்று. 7.5 லட்சம் வாங்கினால் தவணை தொடங்கும்போது அது 10 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பதினைந்து ஆண்டுக்கு நீட்டினாலும் மாதம் 10,880 ரூபாய் கட்ட வேண்டும்.

இதைவிட உயர்ந்த தொகை தகும் இடங்களும் உண்டு. ஐ.ஐ.டி.யில் பி.டெக். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம். ஆனால் அங்கே ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்திற்குள் இருந்தால் அனைவருக்கும் முழுத் தள்ளுபடி, 5 லட்சத்திற்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. அத்தகைய இடம் கிடைத்த பிள்ளையைக் கடனுக்கு அஞ்சி நிறுத்துவது பெரும் இழப்பு.

"நூறு விழுக்காடு வேலைவாய்ப்பு" என்று கல்லூரி சொல்கிறதே, நம்பலாமா?

விளம்பரப் பலகையை விட்டுவிட்டு, அந்தக் கல்லூரியே மத்திய அரசுக்குக் கொடுத்த விவரத்தைப் பாருங்கள். என்.ஐ.ஆர்.எஃப். என்னும் மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் தான் அளித்த தரவைத் தன் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். பக்கத்தின் அடிப்பகுதியில் எங்கோ ஒரு சிறு இணைப்பாக அது கிடக்கும். திறந்தால் நான்காண்டுப் படிப்புக்கென்று ஓர் அட்டவணை இருக்கும். அதில் முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் (வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது) என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பவை ஆண்டு வாரியாக வரிசையாக இருக்கும்.

படிக்கும் முறைக்கு ஒரு கற்பனைக் கணக்கு. 600 பேர் சேர்ந்தார்கள், 420 பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், 250 பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் 3.2 லட்சம் என்றிருந்தால், சேர்ந்தவர்களில் வேலை பெற்றோர் 42 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்களிலும் பாதிப் பேர் 3.2 லட்சமோ அதற்குக் குறைவாகவோ வாங்குகிறார்கள். இதே கல்லூரி "தகுதி பெற்றவர்களில் 95 விழுக்காட்டினருக்கு வேலை" என்று விளம்பரம் செய்யலாம். அரியர் வைத்திருப்போர், பத்தாம் வகுப்பு முதல் 60 விழுக்காடு இல்லாதோர் ஆகியோரைத் "தகுதி" என்ற சொல்லே கணக்கிலிருந்து நீக்கிவிடும். பலகையில் பெரிய எழுத்தில் இருக்கும் 40 லட்சம் ரூபாய் சம்பளம் ஒரே ஒரு மாணவருடையது. உங்கள் பிள்ளையின் கடனை நடுவில் நிற்கும் மாணவரின் சம்பளத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இத்துடன், கடந்த ஆண்டு அதே பிரிவில் முடித்த நான்கைந்து பேரிடம் பேசுங்கள். கல்லூரி அறிமுகப்படுத்தும் மாணவர்களை விட்டுவிட்டு, ஊரில் நீங்களே தேடிப்பிடிக்கும் மாணவர்களிடம் கேளுங்கள்.

கடனைக் குறைக்க அரசு உதவிகள் என்னென்ன?

இவற்றில் பெரும்பாலானவை கலந்தாய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே என்பதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேரும்போது கூடுதல் கட்டணம் கட்டுவதோடு, கிடைக்கக்கூடிய உதவியையும் சேர்த்தே இழக்கிறோம்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அந்த இடத்தைப் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதிருந்தால், முதல் பட்டதாரிச் சான்று பெற்றுக் கல்விக் கட்டணத்தில் சலுகை பெறலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களில் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்திற்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

கடனுக்கான வட்டியில் மத்திய அரசின் மானியம் 2009-10 முதல் நடைமுறையில் உள்ளது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்திற்குள் இருந்து, உரிய அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்ப அல்லது தொழிற்படிப்பில் சேர்ந்தால், படிப்புக் காலத்திற்கும் அதன்பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை அரசு செலுத்தும். நாம் கணக்கிட்ட முதல் மாணவிக்கு இது கிடைத்தால் 1,40,000 ரூபாய் மிச்சம். அவளுடைய பத்தாண்டுத் தவணை 7,140 இலிருந்து 5,290 ரூபாயாக இறங்கும். இந்த மானியம் தானாக வந்து சேராது. தகுதியுள்ள அதிகாரியிடமிருந்து வருமானச் சான்று பெற்று, வங்கிக் கிளையில் கொடுத்து, அது பதிவேறிவிட்டதா என்று ஆண்டுதோறும் கேட்க வேண்டும். சான்றைக் கொடுக்காததால் மட்டும் மானியத்தைத் தவறவிட்ட குடும்பங்களை நினைத்தால் மனம் வருந்துகிறது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கானது. அவற்றில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்திற்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

வங்கி மேலாளர் கடன் தர மறுக்கிறார். என்ன செய்வது?

"உங்கள் வீடு எங்கள் கிளையின் எல்லைக்குள் வராது" என்ற காரணத்தைச் சொல்லிக் கல்விக் கடன் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 இலேயே அறிவுறுத்திவிட்டது. மாணவரின் சிபில் மதிப்பெண் (பழைய கடன்களை எப்படி அடைத்தார் என்பதைக் காட்டும் மதிப்பெண்) குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 இல் கூறியிருக்கிறது. விண்ணப்பத்தை மறுக்கும் அதிகாரம் கிளை மேலாளரின் வாய்ச்சொல்லில் இல்லை. மேலதிகாரியின் இசைவோடுதான் மறுக்க வேண்டும் என்பதே இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் சொல்லும் முறை.

ஆகவே கிளையில் நின்று பேசிப் பேசி நாட்களைக் கழிக்காமல், வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துப் பதிவு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியின் வட்டார அலுவலகத்துக்கும், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கும் மனு கொடுக்கலாம். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மறுப்பை மனம் தளர்ந்து ஏற்றுக்கொண்டு, கூடுதல் வட்டிக்குக் கடன் தரும் தனியார் நிதி நிறுவனத்தை நாடுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

பெண் பிள்ளைக்குக் கடன் வாங்கிப் படிக்க வைத்தால், திருமணத்திற்குப் பிறகு யார் கட்டுவது?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள்; ஆனால் பல வீடுகளில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். சட்டப்படி கடன்காரர்கள் மாணவியும் உடன் கையெழுத்திட்ட பெற்றோரும். திருமணத்தால் அது மாறாது. மகளுக்கு 4 லட்சம் கடன் என்றால் அஞ்சுகிற அதே வீட்டில், அவள் திருமணத்திற்காக அதைவிடப் பெரிய தொகைக்கு நகை வாங்கத் துணிகிறார்கள். வேலைக்குப் போகும் மகளால் தன் கடனைத் தானே அடைக்க முடியும். தேவைப்பட்டால் பெற்றோரையும் தாங்க முடியும். மாப்பிள்ளை வீட்டாரிடம் கடனை மறைக்காமல் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவதும், திருமணத்திற்குப் பின்னும் அவள் சம்பளம் அவள் கணக்கிலேயே விழும்படி பார்த்துக்கொள்வதும் அவளுக்குச் செய்யும் நன்மை. பெண்களுக்கு வட்டியில் அரை விழுக்காடு சலுகை தரும் வங்கிகளும் உண்டு, கேட்டுப் பெறுங்கள்.

நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிவிட்டோம். பிறகு கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்துவிட்டது. பணம் திரும்பி வருமா?

பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் வெளியிட்ட அறிவிக்கை, சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அதற்குப் பிந்தி, கடைசி நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு, கடைசி நாளுக்குப் பின் பதினைந்து நாளுக்குள் 80 விழுக்காடு, முப்பது நாளுக்குள் 50 விழுக்காடு, அதன்பின் ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிக்கையில் உள்ளது. விலகல் கடிதத்தை நேரில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ரசீதில்லாமல் கொடுத்த ரொக்கத்தை மீட்பதுதான் கடினம். ரசீது கிடைக்காத இடத்தில் பணத்தைக் கொடுக்காமல் இருக்க இது ஒன்றே போதிய காரணம்.

படிப்பை இடையில் நிறுத்தினால் கடன் என்ன ஆகும்?

அப்படியே நிற்கும். பட்டமில்லாத கடன்தான் எல்லாவற்றிலும் கொடியது. வங்கி பணத்தைப் பருவம் பருவமாகத்தான் விடுவிக்கிறது. மதிப்பெண் பட்டியலைக் கேட்கும். தொடர்ந்து தேர்ச்சி பெறாவிட்டால் அடுத்த தவணையை நிறுத்தவும் கூடும். கணக்கும் இயற்பியலும் பிடிக்காத பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்ததற்காகப் பொறியியலில் சேர்த்தால், இரண்டாம் ஆண்டிற்குள் அரியர் குவிகிறது, வீட்டில் சொல்ல அஞ்சுகிறான், கடன் மட்டும் வளர்கிறது. அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் சில ஆயிரம் ரூபாயில் பட்டம் பெறலாம். பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்று, பிடித்திருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். முதலாண்டிலேயே பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், ஒரு லட்சம் கடனோடு வெளியே வருவது நான்கு லட்சம் கடனோடு வருவதைவிட மேல். அதை அவமானமாக வீட்டார் கருதாதிருக்க வேண்டும்.

தனியார் கல்லூரியில் மருத்துவம் படிக்க ஒரு கோடிக்கு மேல் கடன் வாங்கலாமா?

சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டியிருந்தால் வேண்டாம் என்பேன். நிகர்நிலை மருத்துவப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்திற்கு மேல். எம்.பி.பி.எஸ். முடித்ததும் வருமானம் உயர்ந்துவிடாது. முதுநிலைப் படிப்பு முடியும்வரை, அதாவது மருத்துவம் சேர்ந்து ஒன்பது, பத்து ஆண்டு வரை, அந்தக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஓராண்டு காத்திருந்து மீண்டும் நீட் எழுதி அரசு ஒதுக்கீட்டு இடத்திற்கு முயல்வது, மதிப்பெண் அருகில் இருக்கும் பிள்ளைக்கு நியாயமான வழி.

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க 40 லட்சம், 50 லட்சம் கடன்?

டாலரில் சம்பளம் வந்தால் மூன்று நான்கு ஆண்டில் அடைந்துவிடும் கடன் இது. ரூபாய்ச் சம்பளத்தோடு திரும்ப நேர்ந்தால் வீட்டையே எடுத்துக்கொள்ளும் கடனும் இதுவே. 7.5 லட்சத்திற்கு மேற்பட்ட கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும் என்பதால், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் கொடுத்து அடமானத்தில் இருப்பது பெரும்பாலும் பெற்றோரின் வீடு.

படிப்பு முடிந்தபின் அங்கே வேலை செய்ய ஓராண்டு அனுமதி உண்டு. அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களுக்கு மேலும் இரண்டாண்டு. அதன்பின் தங்குவதற்கான எச்-1பி விசாக்கள் ஆண்டுக்கு 85,000 மட்டுமே, குலுக்கலில்தான் வாய்ப்பு. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தது, ஒரே அறிவிப்பில் விதி எப்படி மாறும் என்பதைக் காட்டியது. ஆகவே, விசா கிடைக்காமல் மூன்றாம் ஆண்டில் திரும்பி வந்தாலும் மீதிக் கடனை இந்தியச் சம்பளத்தில் கட்ட முடியுமா என்று கணக்கிட்டுப் பார்த்து, முடியும் என்றால் போகலாம். முடியாதென்றால், இங்கே கேட் தேர்வெழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு படிக்க வழியிருக்கிறது.

கடன் வாங்கியாகிவிட்டது, படிப்பும் முடிந்தது, வேலை கிடைக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

வங்கியிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் இருப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அதனால் நிலைமை மோசமாகிறது. தவணை 90 நாள் நிலுவையானால் கணக்கு வாராக்கடனாகிவிடும். மாணவர், பெற்றோர் இருவரின் சிபில் பதிவும் கெடும். கடன் வேறு நிறுவனத்துக்கு விற்கப்படவும் கூடும். அந்த 90 நாளுக்குள், முடிந்தால் முதல் தவணை வரும் முன்பே, கிளைக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். வேலையில்லாத காலத்திற்கோ போதிய வருமானமில்லாத காலத்திற்கோ, கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணை விடுப்புத் தர இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் இடமிருக்கிறது. தவணைக் காலத்தைப் பதினைந்து ஆண்டு வரை நீட்டவும், தொடக்கத்தில் குறைவாகவும் பின்னர் கூடுதலாகவும் தவணையை மாற்றியமைக்கவும் கேட்கலாம். கையில் ஆயிரம் ரூபாய் இருந்தாலும் அதைக் கணக்கில் கட்டி வையுங்கள். கட்டும் எண்ணம் உண்டு என்பதற்கு அது சான்றாக நிற்கும்.

தள்ளுபடி வரும் என்று காத்திருக்க வேண்டாம். தேர்தல் காலத்துப் பேச்சை நம்பி நிறுத்திய தவணைக்கும் வட்டி ஏறுகிறது. பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுப்போர், கட்டும் வட்டி முழுவதையும் எட்டு ஆண்டு வரை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். மாறும் வட்டியிலான கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது.

வசூலுக்கு வருவோர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, மிரட்டவோ உறவினர் முன் இழிவுபடுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியுள்ளது. மீறினால் அழைப்பு வந்த எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்து வங்கியிலும், பிறகு குறைதீர்ப்பாளரிடமும், மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். இந்த அழைப்புகளைப் பிள்ளை தனியாக எதிர்கொள்ள விடாதீர்கள். கடிதம் கொடுக்கக் கிளைக்குப் போகும் நாளில் தந்தையோ தாயோ உடன் செல்லுங்கள். பத்திரத்தில் இருவருமாகத்தானே கையெழுத்திட்டீர்கள்.